கோல், குழி, கலம்

ஓர் இனம் தன் நிலத்தையும் நீரையும் போர்க்களத்தில் மட்டுமே இழப்பதில்லை. அளக்கும் களத்திலும் இழக்கின்றது. அளவுகயிற்றின் ஒரு முனையைத் தான் பற்றிக்கொண்டு, மறுமுனையைப் பற்றியவன் சொன்ன தொகையை அப்படியே நம்பி விலையாவணத்திற் கைந்நாட்டிடும் உழவன், தன் பொருளின் ஒரு பகுதியை அறியாமலே கைவிடுகின்றான். அணையில் நீர் எத்தனை அடி நிற்கின்றது என்று நாள்தோறும் படித்தும், அவ் வடிக்கணக்கு எவ்வளவு நீரைக் குறிக்கின்றது என்று உணராத மக்கள், தம் ஆற்றுரிமை குறைக்கப்படுங்கால் இழந்தது எவ்வளவு என்பதையும் உணரமாட்டார். ஆகவே சுற்றளவு, பரப்பளவு, பருமன் என்னும் மூன்றையும் பள்ளிப்பிள்ளையின் தேர்வுப் பகுதி என்று மட்டும் கருதுதல் பெரும்பிழையாகும். அவை குடிமக்கள் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய கருவிகள். அக் கருவிகள் தாய்மொழியில் அமைந்தாலன்றிக் கைக்கு அடங்கா என்பதே இங்கு நிறுவப்படுவதாம்.

மூன்றும் வேறு வேறு

ஒரு நிலத்தின் ஓரத்தே ஒரு சுற்று நடந்துவந்தால் கடக்கும் தொலைவு சுற்றளவு. அந் நிலத்தில் விரிந்து கிடக்கும் இடம் பரப்பளவு. அந் நிலத்தில் வெட்டிய குளத்துள் அடங்கும் நீர் எவ்வளவோ அது பருமன். முதலாவது நீளம் ஒன்றே உடையது, கோலால் அளக்கப்படுவது. இரண்டாவது நீளமும் அகலமும் உடையது, கட்டங்களால் அளக்கப்படுவது. மூன்றாவது நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றும் உடையது, கலத்தால் அளக்கப்படுவது. வேலியிடுவோனுக்கு முதலாவது வேண்டும். விதைப்போனுக்கு இரண்டாவது வேண்டும். நீர் தேக்குவோனுக்கு மூன்றாவது வேண்டும்.

இவற்றுள் ஒன்றை அறிந்தால் மற்றொன்றையும் அறிந்ததாகும் என்னும் மயக்கமே பல இழப்புகளுக்கு வித்தாகின்றது. 40 மீட்டர் வேலிக்கம்பி இருப்பதாகக் கொள்க. அதனைக் கொண்டு பக்கத்திற்கு 10 மீட்டராக நான்கு பக்கமும் ஒத்த நிலத்தை வளைத்தால் உள்ளே 100 மீட்டர்க்கட்டம் அடங்கும். நீளம் 15, அகலம் 5 என்று வளைத்தால் 75 கட்டமே அடங்கும். நீளம் 19, அகலம் 1 என்று வளைத்தாலோ 19 கட்டம்தான். கம்பி ஒரு விரற்கிடையும் குறையவில்லை. நிலமோ ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது. அதே கம்பியை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 127 கட்டம் கிடைக்கும். சுற்று ஒன்றே, பரப்பு நான்கு!

இன்னும் நுட்பமான ஏமாற்று ஒன்றுண்டு. நான்கு பக்கமும் 60 அடியாக உள்ள ஒரு மனை நேராக நின்றால், அதன் பரப்பு சதுர அடி என வழங்கும் அடிக்கட்டத்தில் 3600 ஆகும். ஒத்த நீளமுள்ள நான்கு குச்சிகளை முனைகளிற் கட்டி ஒரு பக்கமாக அழுத்திப் பார்த்தவர், அச் சட்டம் சாய்ந்து ஒடுங்குவதை அறிவர். மனையும் அவ்வாறே சாய்ந்து, எதிரெதிர்ப் பக்கங்கட்கு இடையே உள்ள நேர் அகலம் 30 அடியாகச் சுருங்கியிருந்தால், பரப்பு 1800 மட்டுமே. பக்கங்களை எத்தனை முறை அளந்தாலும் நான்கும் 60 அடி என்றே கயிறு சொல்லும்! எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ் விரு பாதிகளையும் பெருக்கிப் பரப்பென்று கூறும் பழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. அது நான்கு மூலையும் நேராயுள்ள நிலத்திற்கே மெய்யாகும். மற்றெல்லா நாற்கரத்திற்கும் உள்ளதை விட மிகுத்தே காட்டும். மிகுத்துக் காட்டிய ஒவ்வோர் அடிக்கட்டத்திற்கும் விலை கொடுப்பவன் வாங்குவோனே. இதற்குரிய மருந்து எளிது. மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கோடு இழுத்து, நிலத்தை இரண்டு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் அடியையும் உயரத்தையும் அளந்து, பெருக்கிப் பாதியாக்கிக் கூட்டினால் உண்மைப் பரப்பு வந்துவிடும். நில அளவையர் செய்வதும் இதுவே. இவ்வளவு எளிய அறிவு உழவர் பலர்க்கும் எட்டாமற் போனதன் கரணியத்தைத் தேடின், அது கணக்கில் இல்லை, மொழியிலேயே உள்ளது.

முன்னையோர் அளவை

தமிழர் அளவறியாதவர் அல்லர். முகத்தலளவைக்கும் நிறுத்தலளவைக்கும் உரிய பெயர்கள் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று தொல்காப்பியம் தொகைமரபில் வரையறுக்கின்றது. இலக்கண நூல் ஒன்று அளவைப் பெயர்களைத் தொகுத்து, அவற்றின் முதலெழுத்துகளை எண்ணிக் கூறுமாயின், அப் பெயர்கள் எத்துணைப் பெருவழக்காய் இருந்திருத்தல் வேண்டும்! உரையாசிரியர் இளம்பூரணர் அளவைக்குக் காட்டும் பெயர்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பன. இவற்றை ஒருமுறை உற்றுநோக்குக. அத்தனையும் ஏனங்களின் பெயரே. பருமன் என்பது ஓர் ஏனத்துள் அடங்குவது என்னும் உண்மையைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்னரே அடுக்களையிற் கற்றுக்கொண்டது. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இவ் வாய்பாட்டைக் கண்ணால் கண்டும் கையால் அளந்தும் கற்றவள் ஒரு கலத்தில் 96 நாழி என்பதை மறப்பாளோ?

நிலவளவையும் அத்தகையதே. 12 அடிக் கோலால் நீளமும் அகலமும் ஒவ்வொரு கோலாக அளந்த கட்டம் ஒரு குழி. அது 144 அடிக்கட்டம். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. கோலின் நீளமும் மாவுக்குரிய குழித்தொகையும் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப வேறுபட்டன எனினும், முறை ஒன்றே. கோல் என்பது நீளம். கோலைக் கோலால் பெருக்கியது குழி. நீளத்திற்கு ஒரு பெயரும் பரப்பிற்கு வேறொரு பெயரும் இருந்தமையால் இரண்டும் மயங்க இடமில்லை. வேலி என்னும் சொல்லே அழகிய சான்றாகும். அரணாக வளைத்த வேலியின் பெயர், அவ் வேலிக்குள் அடங்கிய நிலத்திற்கு ஆகி வந்தது எனக் கொள்ளத்தகும். சுற்றையும் பரப்பையும் ஒருங்கே எண்ணிய மாந்தரின் சொல் அது.

இருபதில் ஒன்றுக்கு மா என்று பெயர். நிலத்தில் வேலியின் இருபதில் ஒன்றும் மாவே. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்கும் கீழே கீழ்முந்திரி எனக் கூறுகள் இறங்கிக்கொண்டே செல்லும். முதலாம் இராசராசன் காலத்திலும் முதலாம் குலோத்துங்கன் காலத்திலும் சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டபோது, இக் கீழ்வாய் எண்கள் கல்லில் வெட்டப்பட்டன. திண்ணைப் பள்ளி மாணாக்கரும் எண்சுவடியில் பெருங்குழி, சிறுகுழி என்னும் வாய்பாடுகளை ஓதினர்.

வட்டத்தின் பரப்பிற்கும் தமிழில் வழி இருந்தது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் குழி வரும் என்று காரிநாயனாரின் கணக்கதிகாரம் கூறும். இது மெய்யாவது எங்ஙனம் என்று காண விரும்புவோர், கயிற்றைச் சுருட்டித் தைத்த வட்டத் தடுக்கு ஒன்றை நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை நேரே வெட்டி, ஒவ்வொரு சுற்றையும் நிமிர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக. அடியில் நீண்ட கயிறும் உச்சியில் சிறு துண்டுமாக ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் அடி வட்டத்தின் சுற்றளவு. அதன் உயரம் விட்டத்தின் பாதி. முக்கோணத்தின் பரப்பு அடியின் பாதியை உயரத்தால் பெருக்க வருவதாகலின், நூல் கூறிய விடையே வந்தது. இவ் வுண்மையைக் கிரேக்கத்து ஆர்க்கிமிடீசும் கண்டார்; சீனரின் பழங்கணக்கு நூலும் கூறிற்று; ஆரியப்பட்டரும் கூறினார். கணக்கின் மெய்ம்மை எந் நாட்டார்க்கும் பொது. அதில் எவரும் தனியுரிமை கொண்டாட வேண்டா. அதனுள் நுழையும் வாயில் மட்டும் ஒவ்வொரு மக்களுக்கும் ஒவ்வொன்று. தமிழர்க்கு அவ் வாயில் தமிழே.

சொல் கெட்டாற் பொருள் கெடும்

இன்று அவ் வாயில் எந் நிலையில் உள்ளது? சென்ற தலைமுறைகளில் பரப்பு என்னும் சொல்லைத் தள்ளி விசுதீரணம் என்றனர். வடநூலார் பரப்பிற்கு இட்ட பெயரோ நிலத்தின் பழம் எனப் பொருள்படுவது. அது வடமொழி அறிந்தார்க்கு விளங்கலாம். தமிழ்ப் பிள்ளைக்கு ஒலி மட்டுமே. அதன்பின் ஆங்கிலம் வந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2012ஆம் ஆண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருக்கப்பட்டன. தனியார் பள்ளிகளைப் பற்றிக் கூறவே வேண்டா.

ஆங்கிலவழிப் பிள்ளையின் காதில் விழும் சொற்களை எண்ணிப் பார்க்க. ஏரியா என்பதை அவன் தெருவிற் கேட்டிருக்கின்றான். அங்கே அதற்குப் பொருள் வட்டாரம். வால்யூம் என்பதை வீட்டிற் கேட்டிருக்கின்றான். அங்கே அதற்குப் பொருள் தொலைக்காட்சியின் ஒலியளவு. மீட்டர் என்றால் மின்கணக்குப் பெட்டி. இப் பொருள்களோடு வகுப்பறைக்கு வருபவன், அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு பொருளை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிக்கொள்ள இயலாதபோது நீளத்தை அகலத்தாற் பெருக்கு என்னும் வாய்பாட்டை மட்டும் நெட்டுருச் செய்கின்றான். எதனைப் பெருக்குகின்றான், ஏன் பெருக்குகின்றான் என்று அறியான். வேலிக்கணக்கு வந்தாலும் பெருக்குவான். தரைக்கணக்கு வந்தாலும் பெருக்குவான். தேர்வில் மதிப்பெண் வரும். வாழ்வில் நிலம் போகும்.

தமிழ்வழியிலும் குறை இல்லாமலில்லை. சுற்றளவு, பரப்பளவு என்பன தெளிவான சொற்கள். சுற்றின் அளவு சுற்றளவு. பரந்து கிடப்பதன் அளவு பரப்பளவு. சொல்லைப் பிரித்த மாத்திரத்தே பொருள் விளங்கும், விளக்கவுரை வேண்டா. மூன்றாவதற்கு மட்டும் கனஅளவு என்று எழுதுகின்றனர். கனம் என்பது வடமொழியில் திண்ணிய பிண்டத்தையும், ஓர் எண்ணை மும்முறை பெருக்கிய தொகையையும் குறிக்கும். தமிழ்ப் பேச்சிலோ கனம் என்றால் எடை. கனமான மூட்டை என்றால் தூக்க இயலாத மூட்டை. கனஅளவு என்று கேட்ட குழந்தை எடையை எண்ணுவது அதன் பிழையா? ஒரு படி இரும்புத்தூளுக்கும் ஒரு படி பஞ்சுக்கும் பருமன் ஒன்றே, எடையே வேறு என்னும் அடிப்படை அறிவை இச் சொல்லே மறைத்து நிற்கின்றது. பருத்தல், பருமை, பருமன் என வரும் தமிழ்ச்சொல் இக் குழப்பத்தை அறவே நீக்கும். அறிவியல் நூல்களில் முன்பே ஆளப்பெற்ற அச் சொல்லைக் கணக்கு நூல்களும் ஏற்பதற்கு என்ன தடை?

மறுப்பும் விடையும்

மேற்படிப்பில் ஆங்கிலச் சொற்களைத்தாமே ஆள வேண்டும், தொடக்கத்திலேயே அவற்றைப் பழகினால் என்ன என்று வினவுவார் உளர். கருத்து ஊன்றிய பின் அதற்கு இன்னொரு பெயரைக் கற்க ஒரு நாழிகை போதும். கருத்து ஊன்றாதவன் பத்து மொழிகளில் பெயரறிந்தும் பயனில்லை. செருமானியர் சுற்றளவைச் சுற்றிப் பிடிப்பது என்றும், பரப்பளவைப் பரப்பின் உள்ளடக்கம் என்றும், பருமனை இடத்தின் உள்ளடக்கம் என்றும் பொருள்படும் சொற்களால் வழங்குகின்றனர். அதனால் அவர்தம் பொறியியல் தாழ்ந்துவிட்டதா? ஐசுலாந்து மக்கள் நான்கு நூறாயிரத்தினும் குறைந்தோர். அவர்களும் சுற்று, தட்டை, இடம் எனும் மூன்று சொற்களோடு அளவு என்னும் சொல்லைச் சேர்த்து மூன்று பெயர்களையும் அமைத்துக்கொண்டனர். தமிழில் சுற்றளவு, பரப்பளவு என அமைந்ததும் அம் முறையே. ஒரு சிறு தீவினரால் இயன்றது கோடிக்கணக்கான தமிழரால் இயலாது என்பது, இயலாமை ஆகாது; விருப்பின்மையே ஆகும்.

மீட்டர், இலிட்டர் முதலிய அலகுகளையும் விலக்க வேண்டுமோ எனின், வேண்டா. அவை உலகப் பொதுமைக்கென வகுத்த அளவுகோல்கள். தமிழ் ஒலிப்பில் எழுதி ஆளலாம். கோலின் நீளம் எங்கிருந்தும் வரலாம். அளப்பவன் அறிவு தன் மொழியில் இருத்தல் வேண்டும்.

காவிரியும் கணக்கும்

பருமன் அறியாமையின் விலை எவ்வளவு என்பதற்குக் காவிரியினும் பெரிய சான்று வேண்டா.

1934இல் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர் 60 அடி நிற்கின்றது என்று செய்தி வந்தால், பாதி அணை நிறைந்ததென்று எண்ணி ஆறுதல் கொள்வார் பலர். மெய்யாக அப்போது உள்ள நீர் ஏறத்தாழ 25 டி.எம்.சி.; முழுமையில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி. அணையின் அடி குறுகியது, மேற்புறம் விரிந்தது. ஆகலின் மேலேறும் ஒவ்வோர் அடியும் கீழ் அடியினும் மிகுதியான நீரைக் கொள்ளும். நீளத்தைப் பருமனென்று மயங்குவதால் விளையும் பிழை இது. வீட்டுப் பானையும் இதையே சொல்லும். ஒன்றைப் போலவே வடிவுடைய மற்றொரு பானை எல்லாப் பக்கமும் இருமடங்காயின், அதன் வாய்ச்சுற்று இருமடங்காகும். வாய்ப்பரப்பு நான்கு மடங்காகும். கொள்ளும் நீர் எட்டு மடங்காகும்.

டி.எம்.சி. என்னும் மூன்றெழுத்து, நூறு கோடிக் கனஅடியைக் குறிப்பது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள ஒரு பெட்டி கொள்வதே செய்தித்தாள்கள் கூறும் கனஅடி. அத்தகைய நூறு கோடிப் பெட்டி நீர் ஒரு டி.எம்.சி. நொடிக்கு 10,000 கனஅடி திறந்துவிடப்படுகின்றது என்றால், ஒரு நாளைக்கு 86,400 நொடியாகலின், நாள் முழுதும் வருவது 86 கோடியே 40 இலக்கம் பெட்டி. அது ஒரு டி.எம்.சி.யும் ஆகாது. நொடிக்கணக்கைப் பெரிதாகக் காட்டி நாட்கணக்கின் சிறுமையை மறைக்க முயல்வாரிடம் மக்கள் இக் கணக்கைக் காட்டலாம்.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பு, கருநாடகம் தமிழ்நாட்டிற்கு ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. விட வேண்டும் என்றது. உச்ச நயன்மன்றம் 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதனை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்தது 14.75. இப் புள்ளியெண்ணைப் படித்த தமிழருள் எத்துணைப் பேர் அதன் பருமனை மனத்தால் அளந்தனர்? கணக்கு இதோ: 14.75 டி.எம்.சி. என்பது 1475 கோடிக் கனஅடி. ஒரு வேலி 2,88,000 அடிக்கட்டம். அதில் ஓரடி உயரத்திற்கு நீர் நிறுத்த வேண்டுவது 2,88,000 கனஅடி. வகுத்துப் பார்த்தால் 51,215 வேலி வரும். அஃதாவது, ஏறத்தாழ ஐம்பத்தோராயிரம் வேலி நிலத்தில் ஓரடி உயரம் நிற்கத்தக்க நீர் ஆண்டுதோறும் குறைக்கப்பட்டது. 14.75 என்று சொன்னால் கடுகுபோல் தோன்றுவது, வேலியில் சொன்னால் ஒரு மாவட்டத்து வயல்போல் விரிகின்றதன்றோ? உழவனுக்குப் புரியும் அளவிற் சொல்லப்பட்டிருந்தால் அவன் இழப்பை அன்றே உணர்ந்திருப்பான்.

செய்யத்தக்கன

முதலாவது, தொடக்கப்பள்ளிகளில் இம் மூன்றையும் வாய்பாடாகக் கற்பியாது பொருளாகக் கற்பித்தல் வேண்டும். பள்ளி முற்றத்தைக் கோலால் சுற்றி அளக்கட்டும். தரையில் ஓரடிக் கட்டங்களை வரைந்து எண்ணட்டும். படியால் நீர் முகந்து தொட்டியை நிரப்பட்டும். எண்ணி முடித்த பிள்ளை, பெருக்கல் என்பது எண்ணுதலின் சுருக்கு வழி என்று தானே கண்டுகொள்வான்.

இரண்டாவது, கணக்குப் பாடநூல்கள் கனஅளவை நீக்கிப் பருமன் என்னும் சொல்லை எல்லா வகுப்புகளிலும் ஒருப்போல ஆளுதல் வேண்டும்.

மூன்றாவது, தமிழ் இதழ்கள் அணையின் அடிக்கணக்கோடு நீரின் பருமனையும், அந் நீர் எத்துணை நிலத்திற்குப் போதும் என்பதையும் சேர்த்து வெளியிடுதல் வேண்டும்.

நான்காவது, தமிழன்பர்கள் தத்தம் ஊர்களில் மாலைப்பொழுதுகளில் உழவரையும் இளைஞரையும் கூட்டி, ஒரு கயிறும் நான்கு முளையும் கொண்டு, சாய்ந்த நிலத்தை முக்கோணமாகப் பகுத்து அளக்கும் முறையைக் காட்டுதல் வேண்டும். நூறு மேடைப்பொழிவுகளால் விளையாத நன்மை அவ் வொரு மாலையால் விளையும். தன் நிலத்தைத் தானே அளந்து, தன் மொழியிலேயே கணக்கிட்டு, ஆவணத்தில் எழுதிய தொகை தவறென்று எடுத்துக்காட்டும் உழவன் ஒருவன் ஊருக்கு ஒருவனாகத் தோன்றட்டும்.

கோலும் குழியும் கலமும் தமிழர் கையில் இருந்தவை. அவை கைந்நழுவிய இடத்தில் நிலமும் நீரும் நழுவின. அவற்றை மீட்டெடுக்கும் பணி அடுக்களையில் உள்ள படியிலிருந்தும், வகுப்பறையில் எழுதும் முதற் சொல்லிலிருந்தும் தொடங்குக.